தப்பான பட்டை, பளபளக்கும் கார்

அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் வந்த அமெரிக்க மஸில் கார்களை (பெரிய என்ஜின் வைத்த வேகக் கார்கள்) இப்போது ரெஸ்டோர் செய்பவர்கள், அதாவது பழைய நிலைக்குக் கொண்டுவருபவர்கள், என்ஜின் பிளாக்கில் குத்தியிருக்கும் எண்ணிலிருந்து ரேடியேட்டர் ஹோஸின் கிளாம்ப் வரைக்கும் தேடித் தேடிச் சரியானதைத்தான் போடுகிறார்கள், ஒரு கார்புரேட்டருக்காக வருடக்கணக்கில் காத்திருப்பவர்களும் உண்டு, ஆனால் அதே காரின் மேல், இருபதடி தள்ளி நின்றாலே கண்ணில் படுகிற வண்ணப் பட்டை தப்பாக இருக்கிறது. அகலம் தப்பு, இடம் தப்பு, வருடம் தப்பு, சில சமயம் அந்தக் காருக்குப் பட்டையே கிடையாது. ஒவ்வொரு கோடையிலும் இதைப் பார்த்து எனக்கு வயிற்றெரிச்சல்தான்.

நான் மிஷிகனில் இருக்கிறேன். டெட்ராய்ட்டிலிருந்து பாண்டியாக் நகரம் வரை போகிற வுட்வர்ட் அவென்யூவில் 1995-லிருந்து ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை ட்ரீம் குரூஸ் என்ற பழைய கார் ஊர்வலம் நடக்கிறது, அன்று அந்தச் சாலையோரம் ஒரு மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் ஒரு நாளில் பார்க்கிற கார்களை வேறு எந்த ஊரிலும் பார்க்க முடியாது. இந்தக் கார்கள் பிறந்த ஊரும் இதுதான். நடுத்தர அளவு உடம்பில் பெரிய என்ஜினைத் திணித்து 1964-ல் பாண்டியாக் ஜிடிஓ வந்ததும் மற்ற கம்பெனிகளும் வரிசையாக இறங்கின. எல்லாருக்கும் ஒரே பிரச்சினை. பக்கத்து வீட்டு அம்மா கடைக்கு எடுத்துப் போகிற சாதாரண கூப்பேயும் உள்ளே 7 லிட்டர் என்ஜின் இருக்கிற காரும் வெளியே ஏறக்குறைய ஒரே தகடு. வித்தியாசம் தெரிய வேண்டும், அதற்குப் புது அச்சு செய்து புதுத் தகடு அடிக்கக் காசு கிடையாது. பெயிண்டும் ஸ்டிக்கரும் மலிவு. அப்படித்தான் பட்டைகள் வந்தன.

அதனால்தான் அந்தப் பட்டையை வெறும் அலங்காரம் என்று நான் ஒதுக்க மாட்டேன். இது எந்த வருடம், எந்த மாடல், வாங்கியவர் எதற்குக் கூடுதல் பணம் கொடுத்தார், சில கார்களில் உள்ளே என்ன என்ஜின் என்பது வரைக்கும் அந்தப் பட்டை சொல்லும்படியாகத்தான் கம்பெனிகள் வடிவமைத்தன. அதைத் தப்பாகப் போட்டால் அந்தக் கார் தன்னைப் பற்றியே தப்பான தகவல் சொல்கிறது.

டாட்ஜ் காரையே எடுத்துக்கொள்ளலாம். சார்ஜர் மாடலின் வேக வகையான ஆர்/டியின் வாலைச் சுற்றி வரும் பட்டைக்கு பம்பிள்பீ என்று பெயர். 1968-ல் அது இரண்டு பட்டைகள். 1969-ல் நடுவில் ஒரே அகலப் பட்டை, அதற்கு இரண்டு பக்கமும் ஒல்லியாக ஒவ்வொரு கோடு. இரண்டு வருடக் கார்களும் உடம்பில் ஒரே வார்ப்புதான், கிரில்லும் பின்விளக்கும்தான் மாறுகின்றன, ஆகவே எந்தப் பட்டை ஸ்டிக்கர் கிட் கையில் கிடைக்கிறதோ அதை ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும். நீளமான பின்விளக்குகள் உள்ள 1969 கார் ஒன்றில் 1968-இன் இரட்டைப் பட்டையைப் பார்த்துவிட்டு அதன் சொந்தக்காரரிடம் பேசினேன், நல்ல மனிதர், பெயிண்ட் வேலைக்கு மட்டும் அவர் செலவு செய்த தொகையைக் கேட்டால் தலை சுற்றும். பட்டையைப் பற்றி அவர் சொன்னது, "பெயிண்ட் கடையில் அதைத்தான் போட்டார்கள்" என்று மட்டும். அவர் காரின் என்ஜின் அறையில் சின்னத் தகடு ஒன்று திருகியிருந்தது, டாட்ஜின் தாய்க் கம்பெனி கிரைஸ்லர் ஒவ்வொரு காரிலும் போட்ட ஃபெண்டர் டேக். அந்தக் கார் என்னவெல்லாம் ஆர்டர் செய்யப்பட்டு வந்தது என்பது அதில் குறியீடுகளாக இருக்கும். வி8டபிள்யூ என்றால் வெள்ளைப் பட்டை, வி8எக்ஸ் என்றால் கறுப்பு, வி8ஆர் என்றால் சிவப்பு. வி88 என்றால் பட்டையே வேண்டாம் என்று வாங்கியவர் சொல்லியிருக்கிறார்.

அந்த வி88-ஐ நினைத்தால்தான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கும். 1969-ல் யாரோ ஒருவர் டீலர் கடையில் உட்கார்ந்து, அதே விலைக்குப் பட்டை கிடைக்கும் என்று தெரிந்தும், எனக்கு மொழுக்கென்று வேண்டும் என்று சொல்லி வாங்கியிருக்கிறார். ஐம்பது வருடம் கழித்து நாம் வந்து, தகட்டில் எழுதியிருப்பதைப் படித்துக்கூடப் பார்க்காமல், பட்டை ஒட்டிவிடுகிறோம். பட்டை இருக்கும் ஆர்/டி நிறையவே இருக்கிறது, இல்லாமல் வந்ததுதான் அபூர்வம், அந்த அபூர்வத்தைத்தான் நாமே அழிக்கிறோம்.

பிளிமத் (இதுவும் கிரைஸ்லர்தான்) குடா கதை இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே பட்டைக்குள் என்ஜினின் பெயரே இருக்கிறது. 1970-ல் பின்பக்கம் ஹாக்கி மட்டை மாதிரி வளைந்து இறங்கும் கறுப்புப் பட்டை, அதில் 340, 383, ஹெமி என்று என்ஜினைப் பொறுத்து எழுத்து (எண்கள் கன அங்குலக் கொள்ளளவு, ஹெமி என்பது கிரைஸ்லரின் சக்திவாய்ந்த என்ஜின்). 1971-ல் அதை விட்டுவிட்டுப் பின் ஃபெண்டர் முழுக்க மூடுகிற பிரம்மாண்டமான பில்போர்ட் பட்டை, கறுப்பு அல்லது வெள்ளை, அதிலும் என்ஜின் பெயர் ஆள் உயரத்துக்குச் சத்தம் போடுகிற அளவில். இரண்டுமே ஆப்ஷன், எல்லாக் காரிலும் வந்தது இல்லை. இன்றைக்குக் கண்காட்சிகளில் நிற்கும் 1971 குடாக்களை வைத்துக் கணக்குப் போட்டால் எல்லாக் காருமே பில்போர்டோடுதான் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது என்று தோன்றும். 383 என்ஜினோடு பிறந்த காரில் ஹெமி என்று ஒட்டி, உள்ளேயும் எங்கிருந்தோ கிடைத்த ஹெமியை இறக்கி, அடுத்தவருக்கு விற்று, அவரும் அதை உண்மை என்று நம்பி இன்னொருவருக்கு விற்பது வரைக்கும் போகிறது. அப்படிப்பட்ட காரை வாங்குகிறவர் முதலில் நம்புவது அந்தப் பெரிய எழுத்தைத்தான்.

அதே 1970-ல் ஒரே ஒரு வருடம் வந்த ஏஏஆர் குடாவின் ஸ்ட்ரோப் பட்டையும் சொல்ல வேண்டும். டிரான்ஸ்-ஆம் என்ற அமெரிக்கக் கார் பந்தயத் தொடருக்குத் தகுதி பெறுவதற்காக 2724 கார்கள் கட்டினார்கள், டான் கர்னியின் ஆல் அமெரிக்கன் ரேசர்ஸ் அணியின் முதல் எழுத்துகள்தான் பெயர். பக்கவாட்டில் ஓடும் அந்தப் பட்டை துண்டு துண்டாக, துண்டுகளின் அளவு படிப்படியாக மாறிக்கொண்டே போகும். ஒட்டுகிறவர் தொடக்கத்தில் கொஞ்சம் தள்ளி ஆரம்பித்துவிட்டால் கதவு இடுக்கில் ஒரு துண்டு பாதியாக வெட்டுப்படும், கடைசியில் வரவேண்டிய சின்னம் இடமில்லாமல் நெருங்கும். பொறுமை இல்லாதவர் ஒட்டிய ஏஏஆரை உடனே கண்டுபிடித்துவிடலாம்.

எங்கள் பக்கம் ஒரு தம்பி, மதுரைக்காரர், 1970 செவர்லே செவல் எஸ்எஸ் 396 ஒன்று வாங்கினார், எஸ்எஸ் என்றால் அதன் வேக வகை. (பெயர்தான் 396, அந்த வருடம் அந்த என்ஜினின் உண்மையான கொள்ளளவு 402 கன அங்குலம், பழைய பெயருக்கு இருந்த மவுசுக்காகப் பெயரை மாற்றவில்லை.) பச்சை நிறக் கார், பானட்டிலும் டிக்கியிலும் இரண்டு வெள்ளைப் பட்டைகள். பெயிண்ட் உரிய ஆரம்பித்திருந்தது, முழுசாக இழைத்துவிட்டுப் புதிதாக அடிக்கப் போவதாகச் சொன்னார். பட்டை முதலிலிருந்தே இருந்ததா என்று கேட்டேன்.

"இருந்திருக்கும்ணே, எஸ்எஸ்னாலே பட்டைதானே? பட்டை இல்லாம வண்டி மொட்டையா இருக்கும்."

இல்லை என்று சொன்னேன். அந்தப் பட்டைக்கு டி88 என்று ஆப்ஷன் எண், கறுப்பு அல்லது வெள்ளை, எஸ்எஸ் வாங்கிய எல்லாரும் அதை எடுக்கவில்லை. பெட்ரோல் டேங்கை இறக்கும்போது அதன் மேல்பக்கம் பழைய தாள் எதுவும் ஒட்டியிருக்கிறதா பார், பிய்த்துவிடாதே தம்பி, அப்படியே ஃபோட்டோ எடு என்றேன். செவல் கார்களில் பில்ட் ஷீட் பல நேரம் அங்கேதான் இருக்கும், அசெம்பிளி லைனில் வேலை செய்தவர்கள் எந்தக் காருக்கு எதைப் பொருத்துவது என்று பார்த்துச் செய்வதற்காக அச்சடித்த தாள், வேலை முடிந்ததும் அங்கேயே விட்டுவிட்டார்கள். அவருக்குக் கிடைத்தது எலி கடித்து, பெட்ரோல் ஊறி, பாதிதான் படிக்க முடிந்தது, ஆனால் ஆப்ஷன் கட்டங்கள் இருந்த பாதி தப்பித்திருந்தது. டி88 இல்லை.

இப்போது அந்தக் கார் மொழுக்கென்ற பச்சையில் நிற்கிறது. பானட்டின் நடுவில் உள்ள எழுச்சி வெயிலில் தனியாகத் தெரிகிறது, பட்டை இருந்தபோது அந்த வளைவே கண்ணில் பட்டதில்லை. எனக்கு அது அழகு. கண்காட்சிக்கு எடுத்துப் போனால் பட்டை எங்கே என்று கேட்கத்தான் செய்கிறார்கள், அவர் அந்தத் தாளின் நகலைக் கண்ணாடியில் வைத்திருக்கிறார்.

செவர்லே காரர்களுக்கு இந்தத் தாள் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால் கம்பெனியிடம் கேட்டு வாங்க வழி இல்லை. பாண்டியாக் காருக்கு பாண்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற இடத்தில் காரின் எண்ணைக் கொடுத்தால் கம்பெனியின் பழைய பில்லிங் பதிவின் நகலே வந்துவிடும். ஃபோர்டு காருக்கு 1967-லிருந்து மார்ட்டி ரிப்போர்ட் இருக்கிறது, ஃபோர்டின் உற்பத்திப் பதிவுகளை உரிமம் பெற்று வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் விற்ற அந்தக் கால செவர்லே காருக்கு அப்படி ஒன்றும் கிடையாது. செவர்லேயின் 1969 கமாரோவில் ஓஹையோ மாகாணத்து நார்வுட் தொழிற்சாலை 1968 டிசம்பரிலிருந்து கட்டிய கார்களுக்கு மட்டும் உடம்பிலுள்ள தகட்டில் எக்ஸ் என்று தொடங்கும் குறியீடு உண்டு, எக்ஸ்33 அல்லது எக்ஸ்77 என்றிருந்தால் அது உண்மையான இசட்/28, அதாவது கமாரோவின் பந்தய வகை. கலிஃபோர்னியாவின் வான் நைஸ் தொழிற்சாலை அதைப் போடவே இல்லை. இசட்/28-இன் இரட்டைப் பட்டை சாதாரண கமாரோக்களில் இவ்வளவு எளிதாக ஏறுவதற்கு இது ஒரு காரணம், மறுத்துச் சொல்லத் தாள் இல்லை.

ஷெல்பி விஷயத்துக்கு வருகிறேன், இங்கேதான் ஜனங்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். ஃபோர்டு மஸ்டாங்கை கரோல் ஷெல்பி வேகத்துக்காக மாற்றிக் கட்டிய 1965 ஷெல்பி ஜிடி350 என்றதும் எல்லார் மனதிலும் வருவது வெள்ளைக் கார், மேலே முன்னாலிருந்து பின்னால் வரை இரண்டு நீலப் பட்டைகள். அந்த வருடம் கட்டிய 562 கார்களும் விம்பிள்டன் ஒயிட் என்கிற வெள்ளைதான், அது சரி. கதவுக்குக் கீழே ஜிடி350 என்ற எழுத்தோடு ஓடும் நீலக் கோடு எல்லாக் காரிலும் உண்டு, அதுவும் சரி. ஆனால் மேலே போகும் 10 அங்குல அகல லெமான் பட்டைகள் ஆப்ஷன், பெரும்பாலும் டீலர்கள்தான் தங்கள் கடையில் அடித்துக் கொடுத்தார்கள். மேலே ஒன்றுமில்லாத வெறும் வெள்ளைக் காராக லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்துப் பக்கத்து ஷெட்டிலிருந்து வெளியே வந்தவை நிறைய. டீலர் அடித்ததால் ஊருக்கு ஊர் இடைவெளி மாறும், அளவு மாறும், பம்பர் ஓரத்தில் முடிக்கிற விதம் மாறும். இன்றைக்கு ரெஸ்டோர் செய்த கார்களில் எல்லாம் ஒரே அளவில், மில்லிமீட்டர் பிசகாமல் இருக்கின்றன. 1967 ஷெல்பிகளில் லெமான் பட்டை தொழிற்சாலையில் போடவே இல்லை, டீலர் வேலைதான், ஆனாலும் இன்று பட்டையில்லாத ஜிடி500-ஐப் பார்த்தால் ஏதோ வேலை பாக்கி இருக்கிறது என்று நினைக்கிறார்கள். ஹெர்ட்ஸ் வாடகைக் கம்பெனிக்காக 1966-ல் கட்டிய சுமார் 1000 ஜிடி350ஹெச் கார்களிலும் அப்படித்தான், கறுப்பில் தங்கப் பட்டை என்று எல்லாருக்கும் பாடமாகிவிட்டது, வெள்ளை, சிவப்பு, நீலம், பச்சையிலும் சில வந்தன என்பதை மறந்துவிட்டோம்.

பட்டை இருந்தது என்றே வைத்துக்கொள்வோம், இடமும் சரி, அகலமும் சரி. அப்புறம் அது எதனால் ஆனது என்ற கேள்வி. செவல் டி88-உம் கமாரோ இசட்/28-உம் பெயிண்ட். இப்போது அதை வினைல் ஸ்டிக்கராக ஒட்டிவிடுகிறார்கள், சுலபம், ஒரு பகலில் வேலை முடிந்துவிடும். பெயிண்டாகவே அடிக்கிறவர்களும் அதன் மேல் கிளியர் கோட் என்கிற நிறமில்லாப் பூச்சைக் கெட்டியாக ஊற்றி, இழைத்து, பாலிஷ் போட்டு, பட்டையின் ஓரத்தில் விரலை வைத்தால் கண்ணாடி மாதிரி வழுக்கிக்கொண்டு போகும்படி செய்கிறார்கள், அதைப் பெருமையாகவும் காட்டுகிறார்கள். செவர்லேயின் தாய்க் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ் அந்தக் காலத்தில் அடித்தது அக்ரிலிக் லாக்கர். மேலே கிளியர் கோட் கிடையாது. முதலில் உடம்பு நிறம், பிறகு டேப் ஒட்டி மறைத்துப் பட்டை நிறம், டேப்பை உரித்தால் ஓரத்தில் சின்ன மேடு நிற்கும். அகலப் பட்டையின் ஓரத்தில் தனியாக ஓடும் ஒல்லிக் கோட்டிலும் அந்த மேடு இருக்கும். நகத்தால் தொட்டால் தட்டும். கண்ணை மூடிக்கொண்டு தடவினால்கூடப் பட்டை எங்கே தொடங்குகிறது என்று சொல்லலாம். அந்தத் தட்டல் இல்லாத செவலைத் தொட்டால் எனக்கு ஏதோ குறைகிறது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஃபோர்டு. 1969 மாக் 1 மஸ்டாங்கின் பக்கவாட்டுப் பட்டையும் 1969, 1970 பாஸ் 302 மஸ்டாங் பட்டைகளும் ஒளியைத் திருப்பி அடிக்கும் பொருளில் வந்தவை, நெடுஞ்சாலைப் பலகைகளில் இருக்கிறதே, அதே 3எம் கம்பெனியின் ஸ்காட்ச்லைட் வகை. லாரி ஷினோடா வரைந்த 1969 பாஸ் 302-இன் சி வடிவப் பட்டை பகலில் பார்த்தால் மந்தமாக, சாதாரணமாகத்தான் இருக்கும். இருட்டில் பின்னாலிருந்து ஒரு கார் ஹெட்லைட் அடித்தால் மொத்தப் பட்டையும் எரியும், உடம்பு இருட்டில் காணாமல் போய்ப் பட்டை மட்டும் மிதக்கும். 1970-ல் ஏஎம்சி கம்பெனியின் ரெபெல் மெஷின் வந்தபோது சிவப்பு, வெள்ளை, நீலப் பட்டைகளும் அப்படியே எரிந்தன. அந்தப் பொருள் வெயிலில் வெடித்துச் சுருங்கும், பொடிப்பொடியாக உதிரும், அதனால் நல்ல நிலையில் இருக்கும் ஒரிஜினல் குறைவு, மாற்றாகச் சாதாரண வினைலை ஒட்டிவிடுகிறார்கள். கண்காட்சி பகலில் நடக்கிறது, நடுவரும் பகலில் பார்க்கிறார், யாருக்கும் தெரிவதில்லை. அந்தக் காரின் அழகே ராத்திரியில்தான் இருந்தது. ஒளிரும் பொருளிலேயே மறு உற்பத்திக் கிட்கள் கிடைக்கின்றன, விலை கூடுதல், ஒட்டுவதும் கஷ்டம், ஒருமுறை மடங்கினால் போச்சு. இருந்தாலும் 1628 மட்டுமே கட்டிய 1969 பாஸ் 302-ஐ வைத்திருப்பவர் அந்தச் செலவைச் செய்யத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஏன் இப்படி நடக்கிறது என்று பார்த்தால் கெட்ட எண்ணம் உள்ளவர்கள் கொஞ்சம் பேர்தான். பெரும்பாலும் நடப்பது வேறு. கார் எழுபதுகளின் கடைசியில் கைமாறி, எண்பதுகளில் யாரோ முழுக்கச் சிவப்படித்து, தொண்ணூறுகளில் இன்னொருவர் அதை ரெஸ்டோர் செய்யும்போது பட்டை எங்கே இருந்தது என்று காட்ட ஒன்றுமே மிச்சமில்லை. அவர் பக்கத்து ஊரில் இருக்கும் இன்னொரு காரைப் பார்த்து அளவெடுக்கிறார், அந்தக் காரும் ஏற்கெனவே ரெஸ்டோர் செய்தது. அதில் இருந்த அரை அங்குலத் தப்பு இதில் முக்கால் அங்குலமாகிறது. இந்தக் கார் பரிசு வாங்குகிறது, பத்திரிகையில் படம் வருகிறது, அந்தப் படத்தைப் பார்த்து அடுத்தவர் செய்கிறார். கடைசியில் அரை நூற்றாண்டாகக் கை படாத ஒரிஜினல் கார் ஒன்று கொட்டகையிலிருந்து வெளியே வந்தால், அதில் இருப்பது தப்பு என்கிறார்கள். இதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன், அந்தக் காரின் சொந்தக்காரரான வயதானவர் முகம் சுருங்கிப்போனது.

கடைகளையும் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் தன் காரின் டிக்கியில் மிச்சமிருந்த பழைய பட்டையை அளந்துகொண்டுதான் இழைக்க வேண்டும் என்று எழுதியே கொடுத்தார். திரும்பிப் போனபோது கார் முழுக்க வெறும் தகடு, பிரைமர் அடிக்கத் தயார். அளவு எங்கே என்று கேட்டதற்கு, கிட் வாங்கினால் அதிலேயே வரும் என்று பதில். ஐம்பது வருடமாக அந்தக் காரில் இருந்த ஒரே சாட்சி அன்றைக்குத் தூசியாகிப் போனது. பெரிய வேலை ஒன்றும் இல்லை, ஒரு ஸ்கேலும் ஒரு ஃபோனும் பத்து நிமிடமும் போதும்.

இன்னொரு பக்கம் சரியாகச் செய்யவேண்டும் என்ற வெறியிலும் தப்பு வருகிறது. தொழிற்சாலை ஓடும் லைன், ஒட்டுகிறவர் மனிதர், காலை ஷிஃப்டும் ராத்திரி ஷிஃப்டும் ஒரே மாதிரி இருக்காது, ஒரே மாடலைப் பல ஊர்களில் கட்டினார்கள், செவல் பால்டிமோரிலும் கட்டினார்கள், கன்சாஸ் சிட்டியிலும் கட்டினார்கள். இடது பக்கப் பட்டை வலதைவிடக் கொஞ்சம் மேலே இருக்கும். கதவுக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் ஒல்லிக் கோடு ஒரு நூல் தள்ளி நிற்கும். இன்று லேசர் வைத்து இரண்டு பக்கமும் அச்சாக ஒரே மாதிரி செய்கிறார்கள், அது அழகாக இருக்கலாம், 1970-ல் அப்படி ஒரு கார் வெளியே வந்திருக்காது. வேண்டுமென்றே கோணலாக ஒட்டச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் காரில் பழைய பட்டையின் தடம் கோணலாக இருந்தால் அந்தக் கோணலைத் திருத்த நமக்கு என்ன உரிமை? அன்றைக்கு அந்த டேப்பை இழுத்து ஒட்டிய கையின் வேலை அது, அவர் பெயர் எங்கேயும் பதிவாகவில்லை, அந்தக் கோடு மட்டும்தான் பதிவு.

அவரவர் கார், அவரவர் காசு, உனக்கென்ன என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஊதா நிறத்தில் பூப்போட்டு ஓட்டினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை, ரசித்துவிட்டுப் போவேன். என் வாதம் எல்லாம், தொழிற்சாலையில் வந்தபடியே ரெஸ்டோர் செய்தது என்று பலகை வைக்கிற காரைப் பற்றித்தான். பலகையில் ஒரு வரி சேர்த்தால் போதும், பட்டை பின்னால் சேர்த்தது என்று. அப்படி எழுதி வைத்திருந்த ஒரு டிரான்ஸ் ஆம் (பாண்டியாக் ஃபயர்பர்டின் வேக வகை) பார்த்திருக்கிறேன். 1969 டிரான்ஸ் ஆம் 697 மட்டும்தான் கட்டினார்கள், வெள்ளை உடம்பில் இரண்டு நீலப் பட்டைகள், 1970-ல் அது நடுவில் ஒரே அகலப் பட்டையாக மாறிவிட்டது, நீல உடம்பில் வெள்ளைப் பட்டையும் அப்போதுதான் வந்தது. அந்தச் சொந்தக்காரர் வைத்திருந்தது சாதாரண ஃபயர்பர்ட், டிரான்ஸ் ஆம் வேஷம் போட்டது, அதை அவரே முதல் வரியில் எழுதியிருந்தார். அந்தக் காரைச் சுற்றித்தான் அதிகக் கூட்டம்.

உங்கள் கையில் இழைக்காத பழைய கார் ஒன்று இருந்தால் அவசரப்பட வேண்டாம். பழைய பட்டையை வினைலாக ஒட்டியிருந்தால், அது உதிர்ந்துபோன பிறகும் அதன் அடியில் இருந்த பெயிண்ட் வெயில் படாமல் தனி நிறமாக இருக்கும், காலை வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் தடம் தெரியும். பெயிண்டாக அடித்திருந்தால் 600 நம்பர் தண்ணீர்த் தாள் வைத்து, பட்டை இருந்திருக்கும் என்று தோன்றும் இடத்தில் கையாலேயே மெதுவாக, வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போனால் ஒவ்வொரு அடுக்கும் வளையம் வளையமாக வெளியே வரும், எண்பதுகளின் சிவப்பு, அதற்கடியில் பிரைமர், அதற்கடியில் பட்டையின் வெள்ளை, அப்புறம் உடம்பின் பச்சை. வெள்ளை வளையம் எந்த இடத்தில் நிற்கிறதோ அதுதான் ஓரம். கதவின் உள் விளிம்பு, டிக்கி மூடியின் மடிப்பு, ரப்பர் பீடிங்குக்கு அடியில் எல்லாம் பாருங்கள், அங்கே மறுபடி பெயிண்ட் அடித்தவர்கள் சோம்பலால் விட்டுவைத்தது நிறைய இருக்கும். பட்டை கதவு விளிம்பில் மடிந்து உள்ளே போகிறதா, விளிம்பிலேயே வெட்டியிருக்கிறதா என்பதும் அங்கேதான் தெரியும்.

காரின் முதல் சொந்தக்காரர் குடும்பம் கிடைத்தால் பழைய ஃபோட்டோ கேளுங்கள், காரைத்தான் எடுத்தது என்று இருக்க வேண்டியதில்லை, பிறந்தநாள் கேக், பட்டமளிப்பு விழா, பனியில் விளையாடும் குழந்தை, பின்னணியில் காரின் மூலை தெரிந்தால் போதும். ஃப்ளாஷ் போட்டு எடுத்தது என்றால் ஒளிரும் பட்டை அதில் வெள்ளையாக வெடித்துத் தெரியும், அது ஒன்றே சாட்சி. ஃபெண்டர் டேக்கை மட்டும் நம்பிவிடாதீர்கள், புதிதாக அடித்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள், பின் சீட்டின் ஸ்பிரிங்குக்குள் சொருகியிருக்கும் பழைய தாளோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டை தெரிந்ததும் கழுவிவிடாமல், பெரிய டிரேசிங் தாளை மேலே விரித்து டேப் போட்டு, ஓரங்களைப் பென்சிலால் அப்படியே நகலெடுத்துக்கொள்ளுங்கள், பானட்டின் மூலையும் கதவு இடுக்கும் அதிலேயே வரவேண்டும், இல்லாவிட்டால் பின்னால் எங்கே பொருத்துவது என்று தெரியாது. இடது பக்கத்துக்கு ஒரு தாள், வலது பக்கத்துக்கு வேறு தாள், ஒன்றைத் திருப்பிப் போட்டு இன்னொன்றுக்குப் பயன்படுத்த வேண்டாம். காரின் எண்ணையும் தேதியையும் மூலையில் எழுதுங்கள். அந்தத் தாள்களைச் சுருட்டிக் குழாயில் போட்டு, காரின் மற்ற காகிதங்களோடு வைத்துவிட்டு, ஒரு நகலை மட்டும் பெயிண்ட் கடைக்குக் கொடுங்கள்.